நாற்பதுக்கு மேல் முதல் குழந்தை

கல்யாணம் முடிந்து மூன்று மாதம் ஆகியிருக்காது, அதற்குள் "என்னம்மா, விசேஷம் உண்டா?" என்று குழாயடியிலும் கோயில் வாசலிலும் கேட்கத் தொடங்கிவிடுவது நம் தோட்டப்புறத்துப் பழக்கம். இருபது வயதுப் பெண் வெட்கப்பட்டுச் சிரித்துவிட்டுப் போய்விடுவாள். நாற்பத்திரண்டு வயதில் தாலி கட்டிக்கொண்ட பெண்ணால் அப்படிச் சிரிக்க முடிவதில்லை. கேட்பவர்கள் அன்பாகத்தான் கேட்கிறார்கள். ஆனாலும் அந்த அம்மாள் அடுத்த வாரம் கோயிலுக்கு வருவதை நிறுத்திவிடுகிறாள். இப்படிப்பட்ட குடும்பங்களுக்காகவும், அவர்களுடைய மாமியார், நாத்தனார், அண்டை வீட்டார் ஆகியோருக்காகவும் இன்றைய பேச்சை அமைத்துக்கொள்கிறோம்.

தோட்டப் பள்ளி ஆசிரியர்களாகிய நமக்கும் இந்த விஷயத்துக்கும் என்ன தொடர்பு என்று சிலர் நினைக்கலாம். ஆஸ்பத்திரியில் கொடுத்த மலாய்க் கடிதத்தைப் படித்துச் சொல்லும்படி பெற்றோரும் உறவினரும் நம்மிடம்தானே வருகிறார்கள். நாம் மருத்துவர் அல்லர். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்த உடல்நூலும், அதன் பிறகு மருத்துவர்களிடம் கேட்டும் நூல்களைப் படித்தும் தெரிந்துகொண்டதும்தான் நம் கையிருப்பு. அதை வைத்துக்கொண்டு, எது நடக்கும், எது நடக்காது, எங்கே போவது, எப்போது போவது என்பதைச் சொல்லலாம்.

நாற்பது வயதில் கல்யாணம் என்பது நம் பாட்டிமார் காலத்தில் அபூர்வம். பேராக் மாநிலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கு மாறியும், வீடமைப்புக்கு விற்கப்பட்டும் போன பிறகு, லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் புந்தோங், சுங்கை சிப்புட், செமோர், கம்பார் என்று பிரிந்து போயின. தோட்டத்தின் பெயர் இன்று பள்ளிக்கூடத்தின் பெயர்ப் பலகையில் மட்டும் இருக்கிறது. அந்த இடப்பெயர்ச்சியில் எத்தனையோ மூத்த பெண்கள் பதினாறு பதினேழு வயதில் தொழிற்சாலைக்குப் போய், தம்பி தங்கைகளைப் படிக்க வைத்து, அவர்களுக்குக் கல்யாணமும் செய்து வைத்தார்கள். தனக்கென்று ஒரு வாழ்க்கையைப் பார்க்கும்போது வயது நாற்பதைத் தொட்டுவிட்டது. இவர்கள் ஏதோ தவறு செய்ததாகப் பேசுவது நியாயமில்லை. ஒரு குடும்பமே தலைநிமிர்வதற்கு இவர்கள் கொடுத்த விலை அது.

இனி உடலின் கதைக்கு வருவோம்.

பால் மரத்தில் இன்று வெட்டினால் ஒரு நாள் விட்டுப் பால் மீண்டும் ஊறுகிறது. ஆணின் விந்தும் ஏறக்குறைய அப்படித்தான். அது நாள்தோறும் புதிதாக உண்டாகிக்கொண்டே இருக்கிறது. ஒரு விந்தணு உருவாகி முதிர்வதற்கு இரண்டரை மாத அளவு ஆகும். பெண்ணின் சினைமுட்டைகள் அவ்விதம் ஊறுவதில்லை. ஒரு பெண் குழந்தை பிறக்கும்போதே அவளுடைய வாழ்நாளுக்கு வேண்டிய முட்டைகள் அனைத்தும் சூலகத்தில் இருக்கின்றன. அப்போது 10 முதல் 20 லட்சம் வரை இருக்கும். அவள் பெரிய பிள்ளை ஆகும்போது 3, 4 லட்சம்தான் மிஞ்சும். மாதம் ஒரு முட்டை வெளிவருகிறது, ஏராளமானவை உள்ளேயே வாடிப்போகின்றன. முப்பத்தேழு வயது வாக்கில் இந்தக் குறைவு வேகமெடுக்கிறது. ஐம்பதை ஒட்டி மாதவிலக்கு நின்றுவிடுகிறது. எண்ணிக்கை மட்டும் குறைந்தால் பரவாயில்லை. பல ஆண்டுகள் காத்திருந்த முட்டையில், தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகவேண்டிய குரோமோசோம்கள் சரியாகப் பிரியாமல் போவதும் வயதோடு கூடுகிறது. கரு தங்காமல் போவதற்கும், தங்கியது கலைந்து போவதற்கும் இதுதான் பெரிய காரணம்.

"மாதம் தவறாமல் வருகிறதே, பிறகென்ன?" என்று பல தாய்மார்கள் கேட்கிறார்கள். மாதவிலக்கு ஒழுங்காக வருவது நல்ல அடையாளம்தான். ஆனால் அது முட்டையின் தரத்தைக் காட்டாது. முப்பது வயதில் நூறு தம்பதிகள் ஒரு மாதம் முயன்றால் சுமார் 20 பேருக்குக் கரு தங்கும். நாற்பது வயதில் அந்த எண்ணிக்கை 5 அல்லது அதற்கும் குறைவு. இங்கே கணக்கு வாத்தியாராக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறோம். மாதம் 5 என்றால் பன்னிரண்டு மாதத்தில் 60 என்று பெருக்கிவிடக் கூடாது. முதல் மாதம் ஐந்து பேர் போக மீதி 95 பேரில் நூற்றுக்கு ஐந்து, அதற்கடுத்து மீதியுள்ளவர்களில் நூற்றுக்கு ஐந்து என்று போட்டுக்கொண்டே போனால், ஆண்டு முடிவில் சுமார் 46 வரும். அதாவது பாதிக்கும் சற்றுக் குறைவு. அடுத்த ஆண்டு இதே விகிதம் நிற்காது, இன்னும் இறங்கும். ஆகவே நாற்பதைத் தாண்டிய தம்பதிகளுக்கு நம்பிக்கை இல்லை என்று சொல்பவரும் தவறாகச் சொல்கிறார். "கடவுள் கொடுக்கும்போது கொடுப்பார், இன்னும் இரண்டு வருஷம் பார்ப்போம்" என்பவரும் தவறாகவே சொல்கிறார்.

மருத்துவர்கள் ஒரு கால அளவு வைத்திருக்கிறார்கள். மனைவிக்கு முப்பத்தைந்து வயதுக்குக் கீழே என்றால் ஓராண்டு முயன்று பார்த்துவிட்டு வரலாம். முப்பத்தைந்தைத் தாண்டினால் ஆறு மாதம். நாற்பதைத் தாண்டியவர்கள் காத்திருக்கவே வேண்டியதில்லை. பிள்ளை வேண்டும் என்று தீர்மானித்த அந்த மாதமே கிளினிக்குக்குப் போகலாம். இருபத்தைந்து வயதுப் பெண் ஓராண்டைக் கைவிட்டால் அது அவளுக்குப் பெரிய இழப்பில்லை. நாற்பத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு ஓராண்டு என்பது கையில் உள்ளதில் ஒரு பெரும் பங்கு.

அரச மரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்த கதை நம்மிடையே பழமொழியாகவே இருக்கிறது. நேர்த்திக்கடன் வைப்பதையோ, தைப்பூசத்தில் ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குப் பால்குடம் எடுப்பதையோ நாம் குறை சொல்லவில்லை. மனத்துக்கு அது பலம். ஆனால் ஒரு நேர்த்திக்கடன் முடிந்தபின் மற்றொன்று, ஒரு லேகியம் தீர்ந்தபின் வேறொன்று என்று மூன்று ஆண்டு போக்கிவிட்டுக் கடைசியில் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்களே, அதுதான் வருத்தம். கோயிலுக்குப் போகிற அதே வாரத்தில் கிளினிக்குக்கும் போகலாம்.

அடுத்து, யார் போவது என்ற கேள்வி. நம் பேச்சில் 'மலடி' என்ற கொடிய சொல் இருக்கிறது. 'மலடன்' என்று யாரையும் குழாயடியில் பேசி நாம் கேட்டதில்லை. உண்மையில் பிள்ளையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆணின் பக்கமும் ஏதேனும் குறை இருக்கிறது. சில வீடுகளில் அவருடைய குறை மட்டும், சில வீடுகளில் இருவருடையதும். உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட கணக்கின்படி, வாழ்நாளில் ஏதாவது ஒரு காலத்தில் ஆறு பேரில் ஒருவர் இந்தத் துன்பத்தைச் சந்திக்கிறார். இவ்வளவு பொதுவான ஒன்றை ஒரு பெண்ணின் தலையெழுத்து என்று ஒதுக்கிவிட முடியாது.

நாம் அறிந்த ஒரு தம்பதியைச் சொல்கிறோம். பெயர் வேண்டாம். இருவருமே தோட்டத்தில் பிறந்து பட்டணத்துக்கு வந்தவர்கள். கல்யாணத்தின்போது அவளுக்கு நாற்பத்தொன்று, அவருக்கு நாற்பத்தைந்து. முதல் ஆண்டு முழுவதும் மாமியார் மருமகளை மட்டும் கோயில் கோயிலாக அழைத்துப் போனார். இரண்டாம் ஆண்டு அவளே கிளினிக்குக்குப் போய்ச் சோதனைகளைச் செய்துகொண்டு, "என்னங்க, நீங்களும் ஒருதரம் வந்துடுங்க. ரெண்டு பேரும் வரணும்னு மிஸி சொல்றாங்க" என்று கேட்டாள். அவர், "எனக்கென்ன குறைச்சல்? நாள் தவறாம வேலைக்குப் போறேன், மூட்டை தூக்குறேன்" என்று சொல்லிவிட்டார். அப்படியே பத்து மாதம் போயிற்று. பிறகு அவருடைய அண்ணன் ஒருவர், "டேய், அவ எத்தனை ஊசி குத்திக்கிட்டா? உனக்கு ஒரு சின்ன டப்பாவுல கொடுக்க வெட்கமா?" என்று அதட்டி அழைத்துப் போனார். விந்தணு மிகக் குறைவாக இருந்தது. அதோடு, அவருக்கே தெரியாமல் இனிப்பு நீர் வியாதி முற்றிப் போயிருந்ததும் வெளிப்பட்டது. மூட்டை தூக்கும் பலத்துக்கும் விந்தணுவுக்கும் சம்பந்தமில்லை என்பது அன்றுதான் அந்த வீட்டில் விளங்கியது. அவர்களுக்கு இன்னும் குழந்தை இல்லை. மருமகளைப் பற்றிய பேச்சு மட்டும் அந்த வீட்டில் அன்றோடு நின்றது. அந்தப் பத்து மாதம் திரும்பி வராதே என்று அவள் சொன்னபோது நமக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஆணுக்குச் செய்யும் சோதனைதான் எல்லாவற்றிலும் எளிது. இரண்டு முதல் ஏழு நாள் வரை மனைவியோடு சேராமல் இருந்து, விந்தைச் சுத்தமான டப்பாவில் கொடுக்கவேண்டும். வலியில்லை, ஊசியில்லை. குறைவாக வந்தால் சில வாரம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். காய்ச்சல் கண்ட மாதத்தில் கொடுத்தால் குறைவாகத் தெரிவதுண்டு. பெண்ணுக்கு மாதவிலக்கின் இரண்டாம் மூன்றாம் நாள் இரத்தச் சோதனை, தைராய்டுச் சோதனை, கருப்பையையும் சூலகத்தையும் பார்க்க ஸ்கேன், தேவைப்பட்டால் கருக்குழாய் அடைத்திருக்கிறதா என்று மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே ஆகியவை இருக்கும். நாற்பதுகளில் கருப்பையில் சதைக்கட்டிகள் இருப்பது சாதாரணம். எல்லாக் கட்டியும் தொல்லை கொடுப்பதில்லை, சில கொடுக்கும். சிறு வயதில் காசநோய் கண்டிருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லவேண்டும், அது கருக்குழாயைக் கெடுத்திருக்கலாம். அதேபோல, வாலிப வயதில் பொன்னுக்கு வீங்கி வந்து விரையும் வீங்கியிருந்தால் ஆண்கள் அதைச் சொல்லவேண்டும்.

நாள் பார்ப்பதிலும் நம்மிடையே குழப்பம் உண்டு. நாலாம் நாள் தலைக்கு ஊற்றிக்கொண்டதும் சேர்ந்தால் கரு தங்கும் என்று சிலர் நம்புகிறார்கள். முட்டை வெளிவருவது பெரும்பாலும் அடுத்த மாதவிலக்குக்குச் சுமார் பதினான்கு நாள் முன்னால்தான். இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை வருகிறவர்களுக்குப் பதினான்காம் நாள் வாக்கில் என்று வைத்துக்கொள்ளலாம். வெளிவந்த முட்டை ஒரு நாள்தான் உயிரோடு இருக்கும். ஆணின் விந்தணுவோ பெண்ணின் உடலில் ஐந்து நாள் வரை இருக்கக்கூடும். ஆகையால் முட்டை வரும் நாளும் அதற்கு முந்திய ஐந்து நாளும்தான் பயன்தரும் நாட்கள். நாற்பதுகளில் மாதவிலக்கு முன்பின்னாக வருவதால், கணக்கில் மூழ்கிப் போகாமல், விலக்கு நின்றதிலிருந்து இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சேர்ந்திருப்பது போதும். கணவன் பகல் ஷிப்டிலும் மனைவி இரவு ஷிப்டிலும் கையுறைத் தொழிற்சாலைக்குப் போகும் வீடுகளில், மாதத்தில் அந்த ஆறு நாளும் ஒருவரையொருவர் பார்க்காமலே போய்விடுகிறது. சுவரில் தொங்கும் நாள்காட்டியில் மாதவிலக்குத் தொடங்கும் நாளைச் சுழித்து வைத்து, அந்த வாரத்துக்கு ஷிப்டு மாற்றிக் கேட்பது எந்த லேகியத்தையும்விடப் பயனுள்ளது என்பது நம் கருத்து.

இன்னொன்று. இந்த வயதில் மாதவிலக்குத் தள்ளிப் போனால், "நின்றுவிட்டது போலிருக்கிறது" என்று பெண்கள் தாமாகவே முடிவு கட்டிவிடுகிறார்கள். உடல் சூட்டுக்கு என்று கஷாயமும் காய்ச்சிக் குடிக்கிறார்கள். முதலில் மருந்துக் கடையில் கருச்சோதனைக் குச்சி ஒன்று வாங்கிப் பார்த்துவிடுவது நல்லது.

இனிப்பு நீரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதாரக் கணக்கெடுப்பில், மலேசியாவில் வயது வந்தோர் ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பது தெரிந்தது. இந்தியர்களிடையே அது மற்ற இனத்தாரைவிட அதிகம். ஆணுக்கு அது விந்தணுவையும் தாம்பத்திய உறவையும் பாதிக்கும். பெண்ணுக்குச் சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருக்கும்போது கரு தங்கினால், குழந்தையின் இதயமும் முதுகுத்தண்டும் உருவாகும் முதல் வாரங்களிலேயே கேடு நேரலாம். அந்த வாரங்களில் கரு தங்கியதே தாய்க்குத் தெரிந்திருக்காது. ஆகவே முயற்சி தொடங்குமுன்பே இரத்தத்தில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்கப்பட வேண்டும். ஏற்கெனவே மருந்து சாப்பிடுகிறவர்கள், பிள்ளைக்கு முயல்வதை மருத்துவரிடம் சொல்லவேண்டும். இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் கருவுக்கு ஆகாதவை, அவற்றை மாற்றித் தருவார்கள். தாமாக நிறுத்திவிடக் கூடாது. ஃபோலிக் அமில மாத்திரையைக் கரு தங்குவதற்கு முன்பிருந்தே சாப்பிடச் சொல்வதும் குழந்தையின் முதுகுத்தண்டுக்காகவே. எவ்வளவு என்பதைக் கிளினிக்கில் சொல்வார்கள். இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு அளவு கூடுதல்.

சிகரெட்டும், கள்ளும், சம்சுவும் விந்தைக் கெடுக்கும் என்பதைச் சொல்லாமல் விட முடியாது. இன்று நிறுத்தினால் அதன் பலன் மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும் என்பதையும் முன்பு சொன்ன விந்தணுவின் கணக்கிலிருந்து நீங்களே அறியலாம். மருந்தடிக்கும் வேலையில் இருப்பவர்களுக்கு ஓர் உண்மைச் செய்தி. 1977-இல் அமெரிக்காவில் கலிபோர்னியாவில் ஒரு பூச்சிமருந்துத் தொழிற்சாலையின் ஆண்கள், தங்களில் பலருக்குப் பிள்ளையே பிறக்காமல் இருப்பதைத் தாங்களாகவே கவனித்துச் சோதனைக்குப் போனார்கள். டி.பி.சி.பி. என்ற புழுக்கொல்லி மருந்து அவர்களுடைய விந்தணுவை அழித்திருந்தது. எல்லா மருந்தும் அவ்விதம் செய்யும் என்று இதற்குப் பொருளில்லை. நம் நாட்டில் பாராகுவாட் 2020-ஆம் ஆண்டு தொடக்கத்தில் தடை செய்யப்பட்டது வேறு காரணங்களுக்காக. ஆனாலும் செம்பனையில் மருந்தடித்துவிட்டு அதே சட்டையோடு வீட்டுக்குள் வராமல், குளித்து, துணியைத் தனியாகத் துவைப்பது நன்று. பிள்ளைக்கு முயலும் பெண்கள் வேறு வேலை கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். கேட்பதற்குத் தயங்கினால் கிளினிக்கிலிருந்து கடிதம் கேட்கலாம்.

'சோதனைக் குழாய்க் குழந்தை' என்பதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1978 ஜூலை 25-ஆம் நாள் இங்கிலாந்தில் லூயிஸ் பிரவுன் என்ற பெண் குழந்தை பிறந்தது. கருக்குழாய் அடைத்திருந்த தாயின் முட்டையை வெளியே எடுத்துத் தந்தையின் விந்தோடு சேர்த்து, கருவான பின் கருப்பையில் வைத்தார்கள். அதே ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள் கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியால் துர்கா என்ற குழந்தை பிறந்தது. அவரை அன்றைய அரசுக் குழு நம்ப மறுத்தது. மனமுடைந்த அவர் 1981-இல் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். பல ஆண்டுகள் கழித்துத்தான் அவருடைய சாதனை ஒப்புக்கொள்ளப்பட்டது. நமக்கு அருகே சிங்கப்பூரில் 1983-இல் இம்முறையில் குழந்தை பிறக்கச் செய்த குழுவின் தலைவர், இலங்கையில் பிறந்த தமிழரான பேராசிரியர் எஸ். எஸ். ரத்தினம். சென்னையில் டாக்டர் கமலா செல்வராஜ் 1990-இல் இதைச் செய்து காட்டினார். இவ்வளவு பெருமையையும் சொல்லிவிட்டு ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். அடைத்துப்போன குழாயை இந்த முறை தாண்டிவிட்டது. விந்தணு குறைவாக இருப்பதையும் பெருமளவு தாண்டிவிட்டது. முட்டையின் வயதை மட்டும் அதனால் தாண்ட முடியவில்லை. நாற்பது, நாற்பத்திரண்டு வயதில் சொந்த முட்டையைக் கொண்டு செய்தால், ஒருமுறைக்குப் பத்தில் ஒருவர் என்ற அளவில்தான் குழந்தையோடு வீடு திரும்புகிறார்கள். நாற்பத்து நான்கைத் தாண்டினால் நூற்றுக்கு ஒருசிலரே.

"அப்படியானால் ஆந்திராவில் எழுபது வயதைத் தாண்டிய அம்மாளுக்கு எப்படிப் பிறந்தது?" என்று கேட்பீர்கள். 2019 செப்டம்பரில் குண்டூரில் மங்கையம்மா என்பவருக்கு இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்த செய்தி எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. அங்கே பயன்பட்டது இளம் பெண் ஒருத்தி தானமாகக் கொடுத்த முட்டை. செய்தியின் தலைப்பைப் படித்தவர்கள் பலர் இதைக் கவனிக்கவில்லை. பின்னர் 2021-இல் இந்தியாவில் வந்த சட்டம், இச்சிகிச்சை பெறும் பெண்ணுக்கு ஐம்பது, ஆணுக்கு ஐம்பத்தைந்து என்று வயது வரம்பு வைத்துவிட்டது. தான முட்டை வேண்டுமா வேண்டாமா என்பது கணவனும் மனைவியும் மருத்துவரோடு கலந்து முடிவு செய்யவேண்டிய விஷயம். அத்தை மாமா கூடிப் பேசி முடிவு செய்யத்தக்கதன்று.

செலவைப் பற்றிப் பேசாவிட்டால் இந்தப் பேச்சு அரைகுறையாகிவிடும். தனியார் மருத்துவமனையில் ஒருமுறை செய்வதற்குப் பதினைந்தாயிரம் வெள்ளியைத் தாண்டுவது சாதாரணம். 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அந்தச் சம்பளத்தில் கிட்டத்தட்ட ஒன்பது மாத உழைப்பு அது. நகையை அடகு வைப்பதற்கு முன், "எங்கள் வயதில், எங்கள் சோதனை முடிவுகளுக்கு, நூற்றில் எத்தனை பேருக்குக் குழந்தை பிறக்கிறது?" என்று மருத்துவரை நேராகக் கேட்கவேண்டும். 'கரு தங்கியது எத்தனை' என்பது வேறு, 'குழந்தை பிறந்தது எத்தனை' என்பது வேறு. பிறந்த கணக்கையே கேளுங்கள். ஊழியர் சேமநிதியிலிருந்து இச்சிகிச்சைக்குப் பணம் எடுக்க 2020 முதல் வழி இருக்கிறது. 2024 மே மாதத்தில் சேமநிதிக் கணக்குகள் மூன்றாகப் பிரிக்கப்பட்ட பிறகு, 'செஜாத்ரா' கணக்கிலிருந்து எடுக்கலாம். முதுமைக்கு வைத்த பணம் அது என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு எடுக்கவேண்டும்.

ஆனால் தொடக்கம் இவ்வளவு செலவானதன்று. அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம். கருத்தரிப்புக்கு முந்திய பராமரிப்பு என்று அங்கே ஒரு சேவையே இருக்கிறது. அங்கிருந்து கடிதம் கொடுத்து, ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் மகப்பேறு நிபுணரிடம் அனுப்புவார்கள். தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியமும் பிள்ளையில்லாத தம்பதிகளுக்கு ஆலோசனையும் சிகிச்சையும் தருகிறது. குறைந்த வருமானக் குடும்பங்களில் நாற்பது வயதைத் தாண்டியோருக்குப் 'பெக்கா பி40' திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு முதலியவற்றை இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். போகும்போது இருவருடைய அடையாள அட்டை, திருமணப் பத்திரம், ஆறு மாத மாதவிலக்குத் தேதிகள், சாப்பிடும் எல்லா மருந்துகளின் உறைகள் ஆகியவற்றை எடுத்துப் போங்கள். நாட்டு மருந்துக்காரரிடம் வாங்கிய பொடியையும் சேர்த்து எடுத்துப் போங்கள். பெயரும் பதிவு எண்ணும் இல்லாத பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது.

கரு தங்கிவிட்டால் மகிழ்ச்சிதான். அப்போதும் வீட்டார் நிதானமாக இருக்கவேண்டும். நாற்பதைத் தாண்டிய தாய்மாரின் கருக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று முதல் மாதங்களில் கலைந்துவிடுகிறது. தண்ணீர் வாளி தூக்கியதாலோ, கண்ணேறு பட்டதாலோ, படியில் வேகமாக இறங்கியதாலோ அது நிகழ்வதில்லை; பெரும்பாலும் முன்பு சொன்ன குரோமோசோம் குறையே காரணம். இதைத் தெரிந்துகொண்ட மாமியார் ஒருவர் வீட்டில் இருந்தாலே மருமகளுக்குப் பாதி வலி குறையும். டவுன் குறைபாடுள்ள குழந்தை பிறக்கும் வாய்ப்பு இருபத்தைந்து வயதில் ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு, நாற்பதில் நூற்றில் ஒன்று, நாற்பத்தைந்தில் முப்பதில் ஒன்று. அதாவது நாற்பது வயதுத் தாய்மார் நூறு பேரில் தொண்ணூற்றொன்பது பேரின் குழந்தைகளுக்கு அக்குறை இராது. இரத்த அழுத்தமும் கர்ப்பகால நீரிழிவும் இந்த வயதில் அதிகம் என்பதால் கிளினிக்குக்கு அடிக்கடி வரச் சொல்வார்கள். கர்ப்பவதி அட்டையில் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ண வில்லை ஒட்டுவார்கள். வெள்ளை அல்லாத வண்ணத்தைப் பார்த்துப் பயந்து வராமல் இருந்துவிடாதீர்கள். எவ்வளவு கவனமாகப் பார்க்கவேண்டும் என்று மிஸிகள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட குறிப்பு அது.

எல்லாம் செய்தும் குழந்தை பிறக்காத தம்பதிகள் இருக்கவே செய்வார்கள். எங்கே நிறுத்துவது என்பதைத் தொடங்கும்போதே இருவரும் பேசி வைத்துக்கொள்வது நல்லது: இத்தனை முறை, இவ்வளவு பணம், இந்த வயது வரை என்று. சிலர் உறவில் ஒரு பிள்ளையை எடுத்து வளர்க்கிறார்கள். தோட்டத்தில் தங்கை பிள்ளையை அக்காள் வளர்ப்பது வழிவழியாக நடப்பதுதான். ஆனால் இதில் பள்ளிக்கூடத்தில் நாம் காணும் ஒரு துயரம் உண்டு. வாய்ப்பேச்சாகக் கொடுத்து வாங்கிய பிள்ளையை முதலாம் வகுப்புக்குப் பதியக் கொண்டு வருவார்கள். பிறப்புப் பத்திரம் இராது, அல்லது அதில் வேறு யாரோ பெயர் இருக்கும். அந்தப் பிள்ளை பன்னிரண்டு வயதில் அடையாள அட்டைக்குப் போகும்போது சிக்கல் பெரிதாகிறது. நாடற்ற பிள்ளையாகவே நிற்கிறவர்களும் உண்டு. 1952-ஆம் ஆண்டுத் தத்துச் சட்டங்களின்படி, நீதிமன்றம் வழியாகவோ தேசியப் பதிவு இலாகா வழியாகவோ முறையாகத் தத்தெடுக்கலாம். பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவரும் நாளன்றே, பெற்ற தாயின் அடையாள அட்டைப் பிரதியும் குழந்தையின் பிறப்புப் பத்திரமும் கையில் இருக்கவேண்டும். இரண்டும் இல்லையென்றால் முதலில் பதிவு இலாகாவுக்குப் போய்க் கேளுங்கள். படிவம் நிரப்பத் தெரியாவிட்டால் அருகிலுள்ள தமிழ்ப்பள்ளிக்குக் கொண்டு வாருங்கள், நிரப்பித் தருகிறோம்.